இரண்டு கரை, 210 நாள்: பாம்பன் தீவில் நீர் விளையாட்டுத் தொழிலின் கணக்கு

பாம்பன் தீவில் நீர் விளையாட்டுத் தொழில் தொடங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் விலை விசாரிப்பது கயாக்குக்கு. அடுத்து துடுப்புப் பலகை, லைஃப் ஜாக்கெட். பணம் இருந்தால் இவை எல்லாம் பத்து நாளில் லாரியில் வந்து இறங்கிவிடும். காசு கொடுத்தாலும் வராதது ஒன்றுதான்: கடலில் ஆளை இறக்கக்கூடிய நாள். ஆண்டின் 365 நாளில் அப்படிப்பட்ட நாள் எத்தனை என்று தெரியாமல் போடும் முதலீட்டுக் கணக்கு, முதல் மழைக்காலத்தைத் தாண்டுவதில்லை. எனவே இந்தக் கட்டுரை நாளில் தொடங்கி ரூபாய்க்குப் போகிறது.

ஒரு விஷயத்தை முன்பே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் ரூபாய்த் தொகைகளும் நாள் கணக்கும் நான் போட்ட உத்தேசம். உங்கள் கொட்டேஷன் வந்ததும் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். கூட்டிக் கழிக்கும் முறை மாறாது.

முதலில் நாள்

தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. பாக் விரிகுடாவின் பெரும்பகுதியில் ஆழம் 15 மீட்டருக்குள்தான். ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூட இல்லை. துடுப்புப் போடப் பழகுகிறவர்களுக்கு இதைவிடத் தோதான தண்ணீர் தமிழகக் கரையில் குறைவு. சென்னையிலோ கடலூரிலோ போல அலை வந்து முகத்தில் அறைவதில்லை. எல்லாவற்றையும் இங்கே முடிவு செய்வது காற்று.

குந்துகால் பக்கம், அதாவது தெற்குக் கரையில் கடை போடுவதாக வைத்துக்கொள்வோம். மே முதல் செப்டம்பர் வரை கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று வீசும். அந்த ஐந்து மாதம், 153 நாள், தெற்குக் கரையில் அலை எழும்பித் தண்ணீர் கலங்கிக் கிடக்கும். கயாக் விடுவதற்கு அது காலமில்லை. அக்டோபர் 15 முதல் டிசம்பர் 15 வரை 62 நாள் வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை ஊரில் யாரும் மறக்கவில்லை. தனுஷ்கோடியைக் கடல் கொண்டதும் இதே பருவத்தின் வால் பகுதியில், 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவில்.

365-இல் 153-ஐயும் 62-ஐயும் கழித்தால் 150. மழைக்காலத்திலும் நடுநடுவே வெயில் காயும் நாள் 12 கிடைக்கும் என்று சேர்க்கலாம். ஆனால் தை அமாவாசைக் கூட்டத்தில் சாலை அடைபட்டு, பாதுகாப்புக் கெடுபிடியில் கரை மூடப்பட்டு, இன்ஜின் பழுதாகி, மீன்வளத் துறை மீனவர்களுக்கு அனுமதிச் சீட்டை நிறுத்திவைத்து அதே 12 நாள் கையை விட்டுப் போகும். கடைசியாகச் சொன்ன காரணத்தில் விவாதத்துக்கே இடமில்லை. கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்களைப் போகாதே என்று சொல்லும் நாளில், பெங்களூரிலிருந்து வந்த நான்கு பேரைத் தண்ணீரில் இறக்கக் கூடாது.

ஒரு கரைக்கு 150 நாள்.

இனி, தீவு தரும் பெரிய வசதிக்கு வருவோம். கச்சான் வீசும்போது தீவின் நிலமே மறைப்பாக நிற்பதால் வடக்குக் கரையில் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். சங்குமால், ஓலைக்குடா பக்கம் ஜூலை மாதத்து விடியற்காலையில் போய்ப் பார்த்தால் அலையே இல்லை என்றுதான் தோன்றும். எனவே இரண்டாவது கரை ஒன்று வைத்துக்கொண்டால் அந்த 153 நாளில் காற்று ஏறுவதற்கு முந்தைய காலைப் பொழுதுகள் ஒரு 60 நாளாவது தேறும். மொத்தம் 210.

இந்த 60 நாள்தான் தொழிலைக் காப்பாற்றுகிறது. ஆளைக் கொல்லக்கூடியதும் இதே 60 நாள்தான். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று என்பதால்தான் தண்ணீர் தட்டையாக இருக்கிறது. துடுப்பைக் கை விட்டவர், களைத்து உட்கார்ந்தவர், கவிழ்ந்து கயாக்கைப் பிடித்துக்கொண்டு மிதப்பவர் என யாரையும் அந்தக் காற்று கரைக்குக் கொண்டுவராது. நடுக்கடலுக்குக் கொண்டுபோகும். ஒரு நாட் வேகத்தில் இழுபட்டாலே நிமிடத்துக்கு 31 மீட்டர், பத்து நிமிடத்தில் 310 மீட்டர், ஒரு மணி நேரத்தில் 1.85 கிலோமீட்டர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே மொத்தமே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 1974 ஒப்பந்தம் வகுத்த எல்லைக்கோடு அதற்குள்ளேதான் போகிறது. அந்தக் கோட்டைத் தாண்டியதால் இந்த ஊர் மீனவர்கள் பட்டதும் படுவதும் எல்லாருக்கும் தெரியும். சுற்றுலாப் பயணி ஒருவர் கயாக்கில் அந்தப் பக்கம் மிதந்து போவதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது.

ஆகவே கூடுதலாகக் கிடைத்த 60 நாளுக்கு விலை உண்டு. அந்த விலையின் பெயர் பாதுகாப்புப் படகு.

முதலீடு: 25 லட்சத்து 20 ஆயிரம்

சிறிய அளவில், ஆனால் ஒழுங்காக நடத்துவதற்கு என் பட்டியல் இது.

இருவர் அமரும் கயாக் 8, தலா ரூ.45,000: ரூ.3,60,000
நின்று துடுப்புப் போடும் பலகை 6, தலா ரூ.35,000: ரூ.2,10,000
லைஃப் ஜாக்கெட் 40, தலா ரூ.2,500: ரூ.1,00,000
ஃபைபர் படகும் 40 குதிரைத்திறன் இன்ஜினும்: ரூ.6,00,000
மாற்றுக்கு ஒரு சிறிய இன்ஜின்: ரூ.1,00,000
கழற்றி மாட்டக்கூடிய கொட்டகை, உடை மாற்றும் அறை, கழிப்பறை: ரூ.4,00,000
தண்ணீர்த் தொட்டி, மோட்டார்: ரூ.1,00,000
வி.எச்.எஃப். ரேடியோ, தொலைநோக்கி, ஆக்சிஜன், முதலுதவிப் பெட்டி: ரூ.1,00,000
ஐந்து பேருக்குப் பயிற்சியும் சான்றிதழும்: ரூ.1,50,000
பழைய சரக்கு வண்டியும் டிரெய்லரும்: ரூ.3,00,000
அனுமதிகள், முன்பணம்: ரூ.1,00,000

கயாக்கும் பலகையும் சேர்ந்து ரூ.5,70,000. மொத்தத்தில் 22.6 சதவீதம். விளம்பரப் படத்தில் தெரியும் சரக்கு கால் பங்கைக்கூட எட்டவில்லை. பத்து லட்சம் வைத்துக்கொண்டு இறங்குகிறவர்கள் இந்தக் கால் பங்கை முழுக் கணக்கு என்று எண்ணிவிடுகிறார்கள். மீதம் உள்ள பணம் கொட்டகையோடு தீர்ந்துவிடும். பிறகு படகு இல்லாமலேயே ஆளை இறக்குவார்கள். இதை வன்மையாகக் கண்டிக்கிறேன். படகுக்குப் பணம் சேரும்வரை கடையைத் திறக்கக் கூடாது.

லாரி வாடகையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு கயாக் ஏறத்தாழ 30 கிலோ, எட்டும் சேர்ந்து 240 கிலோ. எடைக்கு மினி வேன் போதும். ஆனால் ஒவ்வொன்றும் நாலு மீட்டர் நீளம். எடைக்கு இல்லாமல் இடத்துக்குத்தான் வாடகை போகும். 1988-இல் சாலைப் பாலம் திறக்கும்வரை இந்தத் தீவுக்கு ரயிலை விட்டால் நிலவழியே கிடையாது. இப்போது சாலை உண்டு, 2025 ஏப்ரல் முதல் புதிய ரயில் பாலமும் உண்டு. ஆனாலும் கடைசி நேரத்தில் ஒரு உதிரிப்பாகம் வேண்டுமென்றால் மதுரை 170 கிலோமீட்டருக்கு மேல்.

ஒரு நாளைக்கு 14,000 ரூபாய்

ஆண்டுச் செலவைப் பார்ப்போம். படகு ஓட்டி ஒருவர், தண்ணீரில் உடன் போகும் வழிகாட்டிகள் இருவர், கரையில் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர், பதிவுக்கும் வண்டிக்கும் ஒருவர். ஐந்து பேருக்குச் சராசரி ரூ.18,000, பொறுப்பாளருக்கு ரூ.25,000. பன்னிரண்டு மாதத்துக்கு ரூ.13,80,000. கடல் 210 நாள்தான் திறந்திருக்கும், சம்பளம் 365 நாளைக்கும் உண்டு. மழைக்காலத்தில் ஆளை நிறுத்திவிட்டு டிசம்பரில் திரும்பக் கூப்பிட்டால், பழகிய கை வராது. வேறொரு வேலைக்குப் போயிருக்கும்.

பெட்ரோல் நாளுக்கு 15 லிட்டர், லிட்டர் ரூ.100 என்று வைத்தால் 210 நாளுக்கு ரூ.3,15,000. 40 குதிரைத்திறன் இன்ஜின் முழு வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்திலேயே ஏறத்தாழ 15 லிட்டரைக் குடித்துவிடும். பாதுகாப்புப் படகு பெரும்பாலும் நங்கூரத்தில் நிற்பதாலும் மெதுவாகச் சுற்றுவதாலும்தான் இந்த அளவு கட்டுப்படுகிறது. உரிமம் இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் பெட்ரோல் வரைதான் வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறது. அதாவது இரண்டு நாள் இருப்பு. ஒரு மாதத்துக்கு டிரம்மில் வாங்கி அடுக்கலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

இட வாடகை மாதம் ரூ.15,000, ஆண்டுக்கு ரூ.1,80,000. காப்பீடு ரூ.1,00,000. பழுது பார்க்க ரூ.1,00,000. மின்சாரம், தொலைபேசி, கணக்கர் என்று ரூ.1,20,000. கடன் 15 லட்சம், வட்டி 11 சதவீதம் என்றால் ரூ.1,65,000. தண்ணீர் ரூ.52,500, இதை விளக்கிச் சொல்ல வேண்டும், பிறகு வருகிறேன். தேய்மானம்: கயாக், பலகை, ஜாக்கெட் மூன்று ஆண்டு தாங்கும் என்றும், படகும் இன்ஜினும் ஏழு ஆண்டு, கொட்டகை நாலு ஆண்டு, தொட்டி, கருவிகள், வண்டி ஐந்து ஆண்டு என்றும் வைத்தால் ரூ.5,23,000.

கூட்டினால் ரூ.29,35,500. இதை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு ரூ.8,042. வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கையில் இப்படி வகுத்துக் காட்டினால் கேட்பதற்கு நன்றாக இருக்கும். உண்மையில் 210-ஆல்தான் வகுக்க வேண்டும்: ரூ.13,979. ஒரே கரையோடு நின்றுவிட்டால் பெட்ரோலும் தண்ணீரும் சற்றுக் குறையும், ஆனால் வகுக்கும் எண் 150 ஆகிவிடும்: ரூ.18,870.

வருமானப் பக்கம். ஒரு மணி நேரத்துக்கு ஒருவரிடம் ரூ.700 வாங்குவதாக வைப்போம். சேவைத் தொழிலில் ஆண்டு விற்பனை 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். 18 சதவீதம் கழித்தால் கையில் ரூ.593. விடுதிக்காரருக்கோ வேன் ஓட்டுநருக்கோ கமிஷன் ரூ.60. ஊர்ப் பங்கு ரூ.50, இதையும் பிறகு விளக்குகிறேன். மீதம் ரூ.483. ஆக, 210 நாளும் நாளுக்கு 29 பேர் வந்தால் கை நட்டம் இல்லை. ஆண்டுக்கு 6,090 பேர். ஒரே கரை என்றால் நாளுக்கு 39 பேருக்கு மேல் வேண்டும்.

கயாக்கில் 16 இடம், பலகையில் 6 இடம். காலையில் இரண்டு சுற்று, மாலையில் ஒரு சுற்று. காலை மட்டும் கிடைக்கும் வடக்குக் கரை நாள் தவிர, ஒரு நாளில் 66 பேரை இறக்கலாம். 29 என்பது அதில் 44 சதவீதம்தான், பார்த்தால் சுலபமாகத் தெரியும். ஆனால் 210 நாளில் சனி, ஞாயிறு 60 நாள்தான். அந்த 60 நாளில் நாளுக்கு 50 பேர் வந்தாலும் 3,000 பேர்தான் ஆகும். மீதி 3,090 பேர் 150 வார நாளில் வர வேண்டும். செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் 21 பேரை எங்கிருந்து கொண்டுவருவது? இந்தத் தொழிலில் மிகக் கடினமான எண் இந்த 21.

ஊருக்கு வரும் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் வருகிறவர்கள் யாத்ரீகர்கள். அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோவிலுக்குள் 22 தீர்த்தத்திலும் நீராடி, சாமி கும்பிட்டு, தனுஷ்கோடி பார்த்துவிட்டு, மறுநாள் கன்னியாகுமரிக்கோ மதுரைக்கோ வண்டி ஏறுகிறவர்கள். அவர்களுடைய பயணத் திட்டத்தில் காலியாக இருப்பது மாலை நாலு மணிக்கு மேல் ஒரு மணி நேரம். அந்த ஒரு சுற்றை அவர்களுக்காகவே வைக்க வேண்டும். புடவையும் சுடிதாரும் அணிந்த பெண்கள் தயங்காமல் இறங்க வேண்டுமானால் பெண் வழிகாட்டி ஒருவர் கட்டாயம் தேவை. பூட்டக்கூடிய, தண்ணீர் வரும் உடை மாற்றும் அறையும் தேவை. நாலு லட்சத்துக் கொட்டகையில் இந்த அறைக்குத்தான் நான் அதிகம் ஒதுக்குவேன். குடும்பம் வருமா வராதா என்பது அங்கேதான் முடிவாகிறது.

உப்பு

கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. நனைந்து மேலே வரும் ஒரு லைஃப் ஜாக்கெட் அரை லிட்டர் தண்ணீரைத் தன்னுள் வைத்திருப்பதாகக் கொள்வோம். 22 ஜாக்கெட், மூன்று சுற்று: 33 லிட்டர், 1,155 கிராம் உப்பு. எல்லா நாளும் இப்படி ஓடினால் 210 நாளில் ஏறத்தாழ 243 கிலோ. இத்தனை உப்பும் கழுவிப் போக வேண்டும், இல்லையென்றால் துணிக்குள்ளேயே தங்கும்.

கழுவாத ஜாக்கெட்டை மூன்று மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள். முதலில் ஜிப்பின் ஓட்டம் நின்றுபோகும். பல்லிடுக்கில் வெள்ளையாகப் பூத்திருக்கும், ஓட்டியைச் சுற்றிப் பச்சை ஏறியிருக்கும். பிளாஸ்டிக் கொக்கியின் நாக்குக்கடியில் மணல் உட்கார்ந்து, மாட்டினால் சத்தம் கேட்கும், ஆனால் பிடிக்காது. தோள் பட்டையின் தையல் வெயிலில் வெளுத்து, நகத்தால் கீறினால் இழை பிரியும். வாடிக்கையாளர் கண்ணுக்கு நிறம் மங்கிய ஜாக்கெட், அவ்வளவுதான். தண்ணீரில் விழுந்தவரைத் தோள் பட்டையைப் பிடித்துப் படகுக்குள் தூக்கும்போதுதான் அது பிய்ந்து கையோடு வரும். மாதம் ஒரு நாள் நாற்பதையும் விரித்துப்போட்டு ஒவ்வொரு கொக்கியையும் இழுத்துப் பார்ப்பதை வேலைப் பட்டியலிலேயே எழுதிவைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் நல்ல தண்ணீர் வேண்டும். ஆள் குளிக்க நாளுக்கு 600 லிட்டர், சரக்குக் கழுவ 400, கழிப்பறைக்கு 200, மொத்தம் 1,200 லிட்டர். ஆண்டுக்கு 2,52,000 லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் 21 நடை, நடை ரூ.2,500 என்றால் மேலே சொன்ன ரூ.52,500. தொகை சிறியது. ஆனால் தீவில் நல்ல தண்ணீர் என்பது மணலுக்கடியில் மழை விட்டுவைத்த மெல்லிய படலமும், குழாயில் வெளியிலிருந்து வருவதும்தான். கரையோரத்தில் போர் போட்டு மோட்டார் வைத்து உறிஞ்சினால், அடியில் கிடக்கும் உப்பு நீர் மேலேறும். பக்கத்து வீட்டு ஊற்று கெடும். போர் போடுவதுதான் மலிவு என்று ஆலோசனை சொல்ல ஆள் வருவார்கள். ஏற்காதீர்கள்.

இன்ஜினும் இதே கதைதான். 100 மணி நேரத்துக்கு ஒரு சர்வீஸ். நாளுக்கு நாலு மணி நேரம் கடலில் இருந்தால் ஆண்டுக்கு 840 மணி நேரம், எட்டு சர்வீஸ். நல்லவேளையாக, பாம்பனிலும் மண்டபத்திலும் இந்த இன்ஜின்களைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள்.

கண் வைத்திருப்பவர்

20 நாட் வேகத்தில் போகும் படகு நொடிக்குப் பத்து மீட்டர் கடக்கும். 310 மீட்டர் தள்ளிப் போனவரை எட்ட அரை நிமிடம். ஆனால் நங்கூரம் எடுக்க, இன்ஜின் பிடிக்க, திருப்ப இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்கும் முன்னால், ஒருவர் தள்ளிப் போகிறார் என்பது யார் கண்ணிலாவது பட வேண்டும். மூச்சு நின்றால் மூளைக்குக் கிடைக்கும் அவகாசம் நாலிலிருந்து ஆறு நிமிடம். இந்த எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஆறு லட்ச ரூபாய்ப் படகை விட மாதம் 18,000 ரூபாய்க்குக் கரையில் நிற்கும் அந்த ஒருவர்தான் பெரிய பாதுகாப்பு. அவர் டிக்கெட் கிழிக்கக் கூடாது, போட்டோ எடுத்துக் கொடுக்கக் கூடாது, செல்போன் பார்க்கக் கூடாது.

விபத்து என்றால் மூழ்குவது மட்டும் இல்லை. ஆழம் குறைந்த மணல் தரையில் திருக்கை புதைந்து கிடக்கும், மிதித்தால் வால் முள் ஏறும். பாதத்தைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடக்கச் சொல்லித்தர வேண்டும். குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 டிகிரி வெந்நீரில், காலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தால் வலி அடங்கும். அப்புறம் மருத்துவமனை. இரண்டு ஃபிளாஸ்க் வெந்நீர் தினமும் காலையில் கொட்டகைக்கு வந்துவிட வேண்டும். செலவு ஒன்றுமே இல்லை. பெரிய சிகிச்சை என்றால் ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 55 கிலோமீட்டர், பாலத்தைத் தாண்டி.

யாரிடம் கேட்க வேண்டும்

தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர், 1986 முதல். குருசடை போன்ற தீவுகளுக்கு வனத் துறை அனுமதி இல்லாமல் கயாக்கை ஓட்டிப் போகக் கூடாது. தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேர் 2025 ஜூனில் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. எனவே ஆழமற்ற அந்தத் தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டாம். அரிச்சல்முனையில் கூட்டம் அதிகம், நீரோட்டமும் அதிகம். அங்கே தொழில் கூடாது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி, சுற்றுலாத் துறையில் சாகசச் சுற்றுலாப் பதிவு, கடலோரக் காவல் நிலையத்துக்குத் தினசரி ஆள் பட்டியல் என்று வரிசை நீளும். கோவாவில் உள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனத்தின் உயிர்காப்பு, விசைப்படகுச் சான்றிதழ்கள் ஊழியர்களிடம் இருந்தால் இந்த வாசல்களில் பேச்சு எளிதாகிறது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஊரை. கரையில் எந்த இடத்தில் கரைவலை இழுக்கிறார்கள், எந்த மணிக்கு வள்ளங்கள் திரும்புகின்றன, கடற்பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகள் எங்கே கட்டியிருக்கின்றன என்பது எந்த அலுவலக வரைபடத்திலும் இருக்காது. வலையைக் கயாக் கிழித்தால் அன்று ஒரு குடும்பத்தின் வருமானம் போயிற்று. சின்னப்பாலம் பக்கத்தில் கடலில் முங்கிப் பாசி எடுக்கும் பெண்கள், மாதத்தில் அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பவுர்ணமியை ஒட்டி ஆறு நாள் என்று தாங்களே வரம்பு வைத்துக்கொண்டு மற்ற நாளில் கடலுக்கு ஓய்வு விடுகிறார்கள். நாளை எண்ணித் தொழில் செய்வதில் அவர்களுக்கு இருக்கும் அனுபவம் பெரிது. அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டால், என் 150-ஐயும் 60-ஐயும் அவர்கள் திருத்தித் தருவார்கள்.

அதனால்தான் ஆளுக்கு 50 ரூபாய் ஊர்ப் பங்கை டிக்கெட் கணக்கிலேயே கழித்தேன். 6,090 பேருக்கு ரூ.3,04,500. லாபம் வந்தால் நன்கொடை தருகிறோம் என்று சொல்வது வேறு. இது பெட்ரோலைப் போல, ஒவ்வொரு டிக்கெட்டோடும் போக வேண்டிய பணம்.

காற்றுள்ள 153 நாள்

கயாக்குக்கு ஆகாத கச்சான் காற்றுதான் கைட் சர்ஃபிங்குக்கு வேண்டியது. பத்தாண்டுக்கும் மேலாக இந்தத் தீவில் அது கற்றுத்தரப்படுகிறது. இங்கே எண்கள் தலைகீழாகின்றன. ஒரு பயிற்சியாளர், இரண்டு மாணவர். பத்து மணி நேரப் பயிற்சி, நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் ஒரு மாணவர் ஐந்து நாள் தங்குவார். 153-இல் 100 நாள் நல்ல காற்று, இரண்டு பயிற்சியாளர், நாளுக்கு நாலு மாணவர்: 400 மாணவர் நாள், அதாவது ஆண்டுக்கு 80 பேர். நாளுக்கு ஒருவரிடம் வரி நீங்கலாக ரூ.5,000 என்றால் ரூ.20,00,000. கயாக்குக்கு 6,090 பேர் தேவைப்பட்ட இடத்தில் இதற்கு 80 பேர்.

செலவு: காற்றாடிகளும் பலகைகளும் ரூ.12,00,000. வெயிலும் உப்பும் இரண்டே ஆண்டில் தின்றுவிடும் என்று வைத்தால் ஆண்டுக்கு ரூ.6,00,000. பயிற்சியாளர் இருவருக்கு ஐந்து மாதம், தலா ரூ.40,000, மொத்தம் ரூ.4,00,000. ஆக ரூ.10,00,000. 40 பேர் வந்தால் வரவும் செலவும் சரி. 80 பேர் வந்தால் பத்து லட்சம் மிச்சமாகி, கயாக் பக்கத்துச் சுமையில் மூன்றில் ஒரு பங்கைத் தாங்கும். அப்போது வார நாளில் 21 பேர் என்ற எண் கீழே இறங்கும்.

ஆனால் காற்றின் விசை வேகத்தின் இருமடி. 12 நாட் காற்று 24 ஆனால் இழுப்பு நான்கு மடங்கு. ஏழு முதல் பதினான்கு சதுர மீட்டர் வரை பல அளவில் காற்றாடி வைத்திருப்பது அதற்காகத்தான். தேர்ந்த பயிற்சியாளர் அமையாமல் முதல் ஆண்டிலேயே இதில் கை வைப்பதை நான் ஏற்கமாட்டேன். இரண்டாம் ஆண்டில் செய்யலாம்.

முதல் ஆண்டுக்கு மட்டும் ஒரு மாற்று

30 லட்சம் இல்லாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். 25.2 லட்சத்தோடு மூன்று மாத நிலையான செலவுக்கு ஐந்து லட்சம் கையிருப்பு சேர்த்தால் தேவை 30 லட்சத்தைத் தாண்டுகிறது. முதல் ஆண்டில் தெற்குக் கரை மட்டும், 150 நாள் மட்டும் என்று முடிவு செய்தால், படகும் இன்ஜின்களும் வாங்கும் ஏழு லட்சத்தைத் தள்ளிப்போடலாம். சொந்தப் படகென்றால் அந்த 150 நாளுக்குப் பெட்ரோல் ரூ.2,25,000, ஓட்டி சம்பளம் ரூ.2,16,000, தேய்மானம் ரூ.1,00,000, மொத்தம் ரூ.5,41,000. ஒரு வள்ளத்தையும் அதன் ஓட்டியையும் எரிபொருளோடு நாளுக்கு ரூ.3,000 என்று பேசி அமர்த்தினால் ரூ.4,50,000. பணம் ஊருக்குள்ளேயே நிற்கும். கடலைத் தெரிந்தவர் கூடவே இருப்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. அதில் முதல் பதினாறு நாள் தெற்குக் கரையின் கடைசி நல்ல மாதத்தோடு சேர்ந்து வருகிறது. வேலையில்லாமல் இருக்கும் விசைப்படகுத் தொழிலாளர்களில் நீச்சலும் கடலும் தெரிந்த கூடுதல் ஆள் அப்போது கிடைப்பார்கள்.

மீன்பிடிப் படகாகப் பதிவான வள்ளத்தில் பயணிகளை ஏற்றிச் சவாரி விடக் கூடாது. பாதுகாப்புக்கு நிறுத்துவதற்கும் மீன்வளத் துறையிடமும் கடலோரக் காவல் நிலையத்திடமும் எழுத்து மூலம் அனுமதி வாங்கிவிடுங்கள். வள்ளத்தின் வேகம் எட்டு நாட் என்றால் நொடிக்கு நாலு மீட்டர்தான். அதனால் கயாக்குகளைக் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் மிதவை கட்டி நிறுத்த வேண்டும். பக்கவாட்டில் ஒரு கயிற்று ஏணி, சுழலும் விசிறியைச் சுற்றி ஒரு கம்பிக் கூண்டு, இரண்டும் சேர்ந்து பத்தாயிரம் ரூபாய்க்குள் முடியும். டிசம்பர் 16 காலையில் முதல் கயாக் இறங்குவதற்கு முன் இந்த இரண்டும் மாட்டியிருக்க வேண்டும்.